நாடோடி என்று யாரைச் சொல்வது?



இந்த மாத இதழைக் கையில் வாங்கும்போதே கனம் தெரிந்திருக்கும். பக்கங்கள் கூடுதல். பாதிக்கு மேல் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கே போய்விட்டது. கப்பல் பயணம், காடு, சிறை, மீன் குழம்பு என்று எல்லாம் உள்ளே இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். அட்டையில் போட வேண்டிய ஒரு சொல்லுக்காக எங்கள் அலுவலகத்தில் நடந்த சண்டையைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்லப் போகிறேன்.

வடிவமைப்பாளர் முதலில் ‘சுற்றுலா மலர்’ என்று போட்டுக் கொண்டுவந்தார். மூத்த உதவி ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. “இது பஸ் கம்பெனிக்காரன் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்று ஒதுக்கிவிட்டார். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, “ஊர்சுற்றி மலர்னு போடலாமே சார், கேட்கவே நல்லா இருக்கு” என்றாள். மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் நிமிர்ந்தார். “எங்கப்பா உயிரோட இருந்த வரைக்கும் என்னைத் திட்டின வார்த்தைம்மா அது. அட்டையில போட்டா ஊர்ல எனக்கு மரியாதை இருக்காது.” கடைசியில், ஆட்சேபிக்க ஒன்றுமில்லாத காரணத்தாலேயே ‘பயணச் சிறப்பிதழ்’ என்பது தேறியது. சண்டை மட்டும் தீரவில்லை. அச்சுக்குப் போகும் வரை சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சுதான்.

பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் ஊர் சுற்றுவது ஒரு குற்றம். “காலில் சக்கரமா கட்டியிருக்கு?” என்று கேட்காத அம்மா இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் “பையன் கொஞ்சம் ஊர் சுற்றுவான்” என்று யாராவது சொன்னால் அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. இதையே தூரத்தைக் கூட்டிச் செய்தால் கதை வேறு. ஏ.கே. செட்டியாருக்கு ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாகப் போனவர் அவர்; ‘குமரிமலர்’ நடத்தியவர் என்பதால் எங்கள் தொழிலில் அவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. 1973இல் எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஆனபோது தமிழ்நாடே திரண்டு போய்ப் பார்த்தது. ஊரைச் சுற்றினால் வசவு, உலகத்தைச் சுற்றினால் மாலை. விமான டிக்கெட் இருந்தால் ஊதாரித்தனம்கூட அனுபவமாகிவிடுகிறது.

ராகுல் சாங்கிருத்தியாயன் இந்த வசவைத் தலைகீழாக்கினார். சிறுவனாக வீட்டைவிட்டுக் கிளம்பி, திபெத், ரஷ்யா, இலங்கை என்று ஆயுளெல்லாம் நடந்தவர். மனிதன் செய்யக்கூடிய மேலான காரியம் ஊர் சுற்றுவதுதான் என்று இந்தியில் ஒரு நூலே எழுதினார். தமிழில் அதற்கு ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். வசவுச் சொல்லோடு புராணம் சேர்ந்ததும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. எங்கள் பெரியவருக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

பழைய தமிழில் பயணத்துக்குச் ‘செலவு’ என்று பெயர். செல்வது செலவு. தலைவன் பொருள் தேடக் கிளம்புவதும், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் தங்குவதும் அகப்பாட்டில் ஒரு துறையே. இப்போது செலவு என்றால் பணம் மட்டும்தான். டிசம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானக் கட்டணம் விசாரித்துப் பாருங்கள், இரண்டு பொருளும் ஒன்றாகத் தெரியும். ‘திரிதல்’ இன்னொன்று. அலைவதும் திரிதல், பால் கெடுவதும் திரிதல். ‘திரிஞ்சவன்’ என்று ஒருவனைச் சொன்னால் இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் மூத்த உதவி ஆசிரியர் வெறுக்கும் ‘சுற்றுலா’வுக்குள் ஓர் அழகான பழைய சொல் ஒளிந்திருக்கிறது. உலா. அரசனோ ஆண்டவனோ வீதி வலம் வருவது. சேரமான் பெருமாள் நாயனார் பாடியது முதல் உலா என்பார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு மூன்று உலா பாடினார். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் வாசலுக்கு வந்து பார்த்து மயங்குவதுதான் அந்த நூல்களின் பொருளே. அதாவது உலாப் போகிறவர் பார்க்கப் போவதில்லை, பார்க்கப்படப் போகிறார். தெருவில் நிற்பவர்கள்தான் பார்ப்பவர்கள். நவீனச் சுற்றுலாவில் இது புரண்டுவிட்டது. போகிறவர் பார்க்கிறார், இருக்கிறவர் பார்க்கப்படுகிறார். சாதாரண ஊர்களில் இதனால் பெரிய கேடில்லை. அந்தமானில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

வருவதற்கு முன்னால் இன்னும் ஒரு ஜோடிச் சொல். தேசாந்தரம் போனவன் தேசாந்திரி, சுதந்திரமாக அலைபவன். தீவாந்தரம் போனவன் கைதி. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு சொற்கள், ஒன்று விடுதலை, மற்றது தண்டனை. நம் தாத்தாக்கள் ‘தீவாந்தர சிட்சை’ என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்த தீவு பெரும்பாலும் அந்தமான்தான். 1908இல் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டதும் தீவாந்தரமே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கடைசிவரை அவரைத் தீவுக்கு அனுப்பவில்லை, கோவையிலும் கண்ணனூரிலும் அடைத்துவைத்தார்கள். கோவையில் அவர் இழுத்த செக்கு நமக்கெல்லாம் தெரிந்த கதை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையிலும் செக்குதான் பிரதானம். ஒரு கைதி ஒரு நாளைக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் அடி. சுற்றுதல் என்ற சொல்லுக்கு இதைவிடக் கொடிய பொருளை நான் கண்டதில்லை. காலையிலிருந்து மாலைவரை நடப்பான். ஓர் அடிகூட எங்கும் போயிருக்க மாட்டான்.

அந்தச் சிறைக் கட்டடம் முடிவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே தீவு சிறையாகிவிட்டது. 1858 மார்ச் 10ஆம் தேதி சிறைக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். பெரும்பாலும் 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள். சுவர் கிடையாது, கடல் போதும் என்று நினைத்தார்கள். காட்டுக்குள் நடந்தே போனால் பர்மா ராஜாவின் நாட்டை எட்டிவிடலாம் என்று நம்பிப் பலர் தப்பி ஓடினார்கள். பட்டினியில் செத்தவர்கள் உண்டு, தீவு மக்களின் அம்புக்கு இரையானவர்கள் உண்டு, திரும்பி வந்து தூக்கில் தொங்கியவர்கள் உண்டு.

துத்நாத் திவாரி என்ற சிப்பாய் மட்டும் வேறு விதமாகத் தப்பினார். அம்படிபட்டுக் கிடந்தவரை அந்தமானியர் கொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு தீவு தீவாகப் போனார், அவர்கள் பெண்களை மணந்தார், மொழி கற்றார். 1859 மே மாதத்தில் அந்தமானியர் வெள்ளையரின் குடியேற்றத்தின் மீது படையெடுக்கத் திரண்டபோது நழுவி வந்து சேதி சொன்னார். அபர்டீன் போர் என்று இன்று சொல்லப்படும் அந்த மோதலில் வில்லும் அம்பும் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஓராண்டு சோறு போட்டவர்களைக் காட்டிக்கொடுத்துத் தன் விடுதலையை வாங்கிய இந்த ஊர்சுற்றியை எந்தப் புராணத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மக்களோடு ஒருவராக நடந்து பார்த்த முதல் வெளியாட்களில் அவரும் ஒருவர்.

இனி, எங்கள் மேசையில் நடந்த இரண்டாவது சண்டை. இதுதான் முக்கியமானது. சிறப்பிதழுக்கு வந்த கட்டுரைகளில் பலவற்றில் ஒரே வாக்கியம் வெவ்வேறு உடையில் இருந்தது: ‘ஜாரவாக்கள் காட்டில் அலையும் நாடோடிகள்.’ நல்ல கைகள் எழுதிய கட்டுரைகள்தான். கலைக்களஞ்சியங்களும் அப்படித்தான் சொல்கின்றன. நான் அந்தச் சொல்லை ஒவ்வொரு இடத்திலும் அடித்தேன். எழுதியவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாடோடி என்றால் நாடு விட்டு நாடு ஓடுகிறவர். தமிழில் அந்தச் சொல்லுக்குள் ‘இவருக்கென்று இடம் இல்லை’ என்ற முடிவு சொல்லாமலே இருக்கிறது. ஜாரவாக்களுக்கு இடம் இல்லையா? தெற்கு அந்தமான், மத்திய அந்தமான் தீவுகளின் மேற்குக் கரைக் காடு முழுக்க அவர்கள் இடம். சில நூறு பேர்தான். தங்களை அவர்கள் ‘அங்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பன்றி வேட்டைக்கு ஒரு பக்கம், தேன் காலத்தில் ஒரு பக்கம், மீன் பிடிக்கக் கரையோரம் என்று குடில் மாற்றிக்கொண்டு போகிறார்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் வற்றும், எந்த மரத்தில் தேனடை கட்டும் என்று தெரிந்து போகிறார்கள். மாதக் கணக்கில் சாமானோடு மலைக்குப் போய்விட்டு இறங்கும் மேய்ப்பரையோ, வாடைக்காலத்தில் ஒரு கரையிலும் கச்சான் காலத்தில் மறுகரையிலும் வாடி போட்டுத் தங்கும் மீனவரையோ நாம் நாடோடி என்கிறோமா?

பெரிய அந்தமானியர் என்ற இன்னொரு மக்களைப் பற்றி இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப் பிரவுன், ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென்று வேட்டை நிலம் இருந்ததையும், ஒரு குழுவின் எல்லைக்குள் இன்னொரு குழு அனுமதியில்லாமல் வேட்டையாடாததையும் எழுதியிருக்கிறார். கரைக்காரர், காட்டுக்காரர் என்று அவர்களுக்குள் இரு பிரிவு. காட்டுக்காரர்கள் மழைக்காலம் முழுக்கத் தலைமைக் குடிலில் தங்குவார்கள். படகு வைத்திருந்த கரைக்காரர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். சாவு விழுந்த இடத்தைச் சில மாதம் காலியாக விட்டுவிட்டு, துக்கம் கழிந்தபின் திரும்பி வருவார்கள்.

திரும்பி வருவார்கள் என்பதற்குக் காட்டிலேயே சாட்சி கிடக்கிறது. அந்தமான் கரைகளில் குன்று குன்றாகக் கிளிஞ்சல் மேடுகள் உண்டு. சாப்பிட்டு எறிந்த சிப்பி, பன்றி எலும்பு, மண்பாண்ட ஓடு எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்த மேடுகள். தொல்லியலாளர் ஜரின் கூப்பர் இவற்றை அகழ்ந்து காலம் கணித்தார். சவுல்தாரி என்ற இடத்து மேட்டின் அடியடுக்கு ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதாவது கரிகாலனுக்கும் முன்னாலிருந்து, தலைமுறை தலைமுறையாக, அதே இடத்துக்கு வந்து அதே மேட்டில் சிப்பியைப் போட்டிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் பாட்டன் வீட்டுக் கொல்லைக்கு இன்னும் போகிறோம்? இவர்கள் நாடோடிகள், நாம் நிலைகுடிகள்.

லிட்டில் அந்தமானில் வாழும் ஒங்கேக்களைப் பற்றி மானிடவியலாளர் விஸ்வஜித் பாண்ட்யா எழுதியவை என்னை நிறைய யோசிக்க வைத்தன. 1980களில் அவர்களோடு தங்கியவர் அவர். நாம் வரைபடம் என்றால் முதலில் கரைக்கோட்டை வரைந்து, உள்ளே ஊர்களைப் புள்ளி வைப்போம். ஒங்கேக்களுக்கு இடம் என்பது அசைவிலிருந்து பிறக்கிறது. யார், எப்போது, எந்த வழியாக நகர்கிறார்கள் என்பதுதான் அவர்கள் வரைபடம் என்று 1990இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிடுகிறார். மனிதர்கள் மட்டும் நகர்வதில்லை. காற்று நகர்கிறது, காற்றோடு ஆவிகளும் நகர்கின்றன. ஆவிகள் கடலில் வேட்டையாடும் பருவத்தில் மனிதர் காட்டுப்பக்கம் போக வேண்டும். அவை காட்டுக்குத் திரும்பும்போது மனிதர் கரைக்கு வர வேண்டும். இவர்கள் சுற்றுவது ஒதுங்கி வழிவிடுவதற்காக. ஓர் உயிரின் பங்கை இன்னோர் உயிர் தின்றுவிடாமல் இருக்க. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்தேன். ஊர்சுற்றல், திரிதல், அலைதல் எதுவும் ஒட்டவில்லை. ‘முறை வைத்துப் போவது’ என்றால் ஓரளவு பொருந்தும். ஏரிப் பாசனத்தில் முறை வைப்பதுபோல.

சொல் என்ன செய்துவிடும் என்று எங்கள் இளைய நண்பர் ஒருவர் கேட்டார். செய்யும். ‘அலைகிறவர்களுக்கு நிலம் எதற்கு?’ என்ற கேள்வி நாடோடி என்ற சொல்லிலிருந்து நேராகப் பிறக்கிறது. அடுத்த படி, ‘ஓரிடத்தில் உட்காரவைத்தால் அவர்களுக்கே நல்லது’ என்பது. லிட்டில் அந்தமான் முழுக்கப் புழங்கிய ஒங்கேக்கள் டுகாங் கிரீக், சவுத் பே என்ற இரண்டு குடியிருப்புகளுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1901இல் 672 பேர் என்று மதிப்பிடப்பட்டவர்கள், 2011 கணக்கெடுப்பில் 101 பேர். பத்துக் குழுக்களாகப் பரவியிருந்த பெரிய அந்தமானியர், நோய்களிலும் வெள்ளையர் நடத்திய ‘அந்தமான் இல்லங்க’ளிலும் அழிந்து 1961இல் 19 பேராகச் சுருங்கினார்கள், பிறகு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் ‘போ’ மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். உட்காரவைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே அம்மையும் மேகநோயும் வந்துவிட்டன. ஆனால் நடந்துகொண்டிருந்தவர்களை நிறுத்தியதில் அவர்களுக்கு நன்மை ஏதும் நடக்கவில்லை என்பதை எண்ணிக்கைகள் சொல்கின்றன. கிரேட் நிக்கோபாரின் காட்டில் ஷோம்பேன்கள் இப்படித்தான் முறை வைத்து வாழ்கிறார்கள். கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகத் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. அங்கேயும் இந்தச் சொல் வேலை செய்யும், கவனித்துக்கொண்டிருங்கள்.

உண்மையில் அந்தத் தீவுகளில் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் மற்ற எல்லோரும்தான். இதில் இழிவு ஒன்றுமில்லை. மலபார்க் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், தாங்கள் குடியேறிய இடங்களுக்கு மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். 1918 முதல் ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடிகள் மரம் வெட்டும் கூலிகளாக வந்தார்கள். 1925இல் பர்மாவிலிருந்து கரேன்கள் வந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள். தமிழர்களோ பலவழியாக. வியாபாரத்துக்கும் அரசு வேலைக்கும் துறைமுகக் கூலிக்கும் போனவர்கள், பர்மாவிலிருந்து திரும்பி நேராகத் தீவில் இறங்கியவர்கள், சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்டுக் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். பாட்டன் திருச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ கண்டிச் சீமைக்கு நடந்திருப்பார். பேரன் கப்பலேறி நிக்கோபாருக்கு வந்தான். 2004 ஆழிப்பேரலையில் கச்சல் மிக மோசமாக அடிபட்டது. 2011 கணக்குப்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். சென்னையை அவர்கள் ‘மெயின்லேண்ட்’ என்கிறார்கள். நாம் ‘ஊரு’ என்று சொல்லும் இடத்தில். ஊர் எது என்ற கேள்விக்கு அவர்களிடம் இரண்டு பதில்கள் உண்டு.

இப்போது உலாவுக்கு வருகிறேன். போர்ட் பிளேரிலிருந்து – 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் – வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவாக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரங்களில் போலீஸ் காவலோடு கான்வாயாக விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. இந்தச் சாலையைக் காட்டுக்குள் மூட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லி எடுத்த படம் வெளியாகி உலகமே காறித் துப்பியது. அதன்பின் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். பயணிகளில் பெரும்பாலோர் போவது பாரடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்க என்று டிக்கெட்டில் இருக்கும். வண்டியில் கண்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். “தெரிஞ்சாங்களா?” என்பதுதான் திரும்பி வந்தவர்களைப் பார்த்து நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி. புலி தெரிந்ததா என்று முதுமலையில் கேட்போமே, அதே குரலில்.

ஒரு மக்கள் தங்கள் காட்டில் தங்கள் வேலைக்குப் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வேலையில்லாமல் ஒரு நாளைக்குச் சில தடவை ஊர்வலமாக அவர்கள் வாசலைக் கடந்து போகிறார்கள். இதில் யார் திரிகிறவர்?

வேற்று மண்ணுக்குப் போகிறவர் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் இலக்கியத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருப்பது பலருக்கு நினைவில் இருக்காது. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை. ஆதிரையின் கணவன் சாதுவன் சூதில் எல்லாம் தோற்று, கடல் கடக்கும் வணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையேறிய இடம் நக்க சாரணர் வாழும் மலை. உடையில்லாமல் திரிபவர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். எந்தத் தீவு என்று அறிஞர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. நிக்கோபார் என்று கருதுவோர் உண்டு, சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ என்ற பெயர் அந்த எண்ணத்துக்குத் துணை. கொல்ல வந்தவர்களிடம் சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அதனால் பிழைக்கிறான். தலைவன் தந்த கள்ளும் ஊனும் பெண்ணும் வேண்டாம் என்று மறுத்து, ஏன் என்று உட்கார்ந்து விளக்குகிறான். எதிர்த்தரப்பும் கேள்வி கேட்கிறது, வாதம் நடக்கிறது. நூலாசிரியர் சாத்தனாருக்கு அங்கே பௌத்த அறம் சொல்லும் நோக்கம் இருந்தது, அது எனக்குக் கொஞ்சம் சலிப்பூட்டும் பகுதிதான். ஆனால் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்க் கவிஞன், வேற்று மண்ணில் கால் வைப்பவனுக்கு முதலில் வேண்டியது அந்த மண்ணின் மொழி என்று வைத்திருக்கிறான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போகும் பயணியை அவனால் கற்பனை செய்திருக்கவே முடியாது.

நிக்கோபாரில் இன்னொரு வகைப் பயணம் இருந்தது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உள்ளே தனிக் கட்டுரை இருக்கிறது. சவ்ரா என்ற சின்னத் தீவுதான் அந்தக் கூட்டத் தீவுகளுக்கெல்லாம் பானை செய்யும் ஊர். மண் அங்கே இல்லை. பக்கத்துத் தெரசா தீவிலிருந்து எடுத்து வருவார்கள். வேறு தீவில் யாராவது பானை வனைந்தால் கேடு வரும் என்று நம்பிக்கை. அதனால் கார் நிக்கோபார்க்காரர்கள் துணை மிதவை கட்டிய ஹோடிப் படகில் பெருங்கடலைத் தாண்டிப் பானைக்காகச் சவ்ராவுக்குப் போனார்கள். பானை ஒரு சாக்கு என்றுகூட எனக்குத் தோன்றும். தீவுக்குத் தீவு உறவு அறுந்துபோகாமல் இருக்க யாரோ ஒரு கெட்டிக்காரக் கிழவி கட்டிவிட்ட விதியாக இருக்கலாம்.

மனிதரல்லாத ஊர்சுற்றி ஒன்றும் இந்த இதழில் உண்டு. லிட்டில் அந்தமானில் முட்டையிடும் ஏழுவரி ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். சில ஆஸ்திரேலியப் பக்கம் போயின. ஒன்று இந்தியப் பெருங்கடலையே குறுக்காகத் தாண்டி மொசாம்பிக் பக்கம் போனது, 13,000 கிலோமீட்டருக்கு மேல். 46ஆம் பக்கத்தில் வரைபடத்தோடு இருக்கிறது, குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

இனி இதழ் நிர்வாகம் சம்பந்தமான இரண்டு அறிவிப்புகள்.

ஒன்று: இந்த இதழிலிருந்து ஜாரவா, ஒங்கே, ஷோம்பேன் மக்களைக் குறிக்க ‘நாடோடி’ என்ற சொல்லை நாங்கள் அச்சிட மாட்டோம். ‘காட்டுமிராண்டி’, ‘கற்கால மனிதர்’ போன்றவை ஏற்கனவே எங்கள் தடைப் பட்டியலில் இருப்பவை. இனக்குழுவின் பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்வோம். வாழ்முறையைச் சொல்ல வேண்டியிருந்தால், வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்பவர்கள் என்று நீளமாகவே எழுதுவோம். இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். ‘ஊர்சுற்றி’ என்ற சொல்லுக்குத் தடை இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது தாராளமாகப் பொருந்தும்.

இரண்டு: அந்தமானுக்குக் கிளம்பும் வாசகர்களுக்கு. விமானத்தில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். முடிந்தவர்கள் ஒரு வழியாவது கப்பலில் போங்கள். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். கீழ்த்தட்டு ‘பங்க்’ வகுப்பில் இடம் கிடைத்தால் தீவுத் தமிழர்கள் பக்கத்தில் இருப்பார்கள். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத விஷயங்கள் அவர்களிடம் கிடைக்கும். செல்லுலர் சிறைக்குப் போங்கள், செக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ரங்கத், டிக்லிபூர் போகக் கடல்வழியும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். கான்வாயில் ஏறி ஜாரவாக் காட்டைக் கடந்து பாரடாங் போகும் பகல் பயணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி அது குற்றமில்லை. சுண்ணாம்புக் குகை நம் நாட்டில் வேறு இடங்களிலும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீவுகளில் பிறந்து வளர்ந்தவர்கள், அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள், கச்சல் தோட்டத்தில் இருந்தவர்கள் நம் வாசகர்களில் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் வீட்டில் ‘ஊர்’ என்று எதைச் சொல்வீர்கள், ‘சுற்றிவிட்டு வருகிறேன்’ என்றால் எங்கே போவீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் அப்படியே போடுவோம். கைப்பட எழுதி அனுப்பினாலும் சரி, தட்டச்சு செய்து கொள்ள எங்கள் மெய்ப்புப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்